குழந்தைக்குக் காய்ச்சல்: பயமும் கவனமும்

(திருத்தணி வட்டம் கே.ஜி.கண்டிகையில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், பள்ளி மருத்துவக் குழுவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று கேட்டபோது, ஊட்டச்சத்து, கண் பரிசோதனை, குடற்புழு நீக்கம் என்று பல தலைப்புகளைச் சொன்னார்கள். நான் காய்ச்சலைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளிகளுக்குப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் உங்களில் பலர் என்னிடம் கேட்ட கேள்வி அதைப் பற்றியதுதான். "சார், லேசா உடம்பு சுட்டாலே பத்து நாள் பிள்ளையை அனுப்ப மாட்டேங்கிறாங்க" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்பவர், "எங்க ஸ்கூல்ல நேர்மாறு, காலையில மருந்து ஊத்தி அனுப்பிடறாங்க, பதினொரு மணிக்குப் பிள்ளை பெஞ்சுல சுருண்டு படுத்துடுது" என்பார். இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். காய்ச்சல் என்றால் என்ன, அதில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் பார்ட்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர் 1980ஆம் ஆண்டு 81 பெற்றோரிடம் விசாரித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல், 104 டிகிரியோ அதற்குக் குறைவோ உள்ள காய்ச்சலே மூளையையும் நரம்பையும் கெடுத்துவிடும் என்று நம்பினார்கள். இதற்குக் 'காய்ச்சல் அச்சம்' என்றே அவர் பெயர் வைத்தார். இருபது ஆண்டு கழித்து, 2001இல், பால்டிமோர் நகரில் 340 பெற்றோரிடமும் பராமரிப்பாளரிடமும் மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். பயம் குறையவே இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்பியாவது காய்ச்சல் மருந்து கொடுப்போம் என்று 100க்கு 85 பேர் சொன்னார்கள். நன்கு படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் வாழும் நாட்டிலேயே நிலைமை இதுதான். ஆகவே பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓட்டும் ஒரு தாய் பயந்தால் அவரை நாம் பரிகாசம் செய்ய முடியாது.

பயம் எங்கிருந்து வருகிறது?

நம் பகுதிப் பெற்றோரின் பயத்துக்குத் தனிக் காரணங்களும் உண்டு. 2016 ஆகஸ்டில், இங்கிருந்து அதிக தூரமில்லாத காவேரிராஜபுரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 'மர்மக் காய்ச்சல்' என்று பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் செய்தி வந்தது. அமைச்சரும் அதிகாரிகளும் வந்தார்கள், முகாம் போட்டார்கள். அடுத்த ஆண்டே, 2017இல், தமிழகமெங்கும் டெங்கு பரவியது. அரசுக் கணக்கின்படி அந்த ஆண்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்களுக்கு அந்த நாட்கள் மறக்குமா?

பிறகு கொரோனா வந்தது. 2021 நவம்பர் 1ஆம் தேதி 1 முதல் 8ஆம் வகுப்புவரை பள்ளி திறந்தபோது, வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் நெற்றிக்கும் நேரே அந்த வெப்பமானியைப் பிடித்தவர்கள் நீங்கள்தான். எண் கொஞ்சம் கூடினால் வீட்டுக்கு அனுப்பினோம். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் அந்த எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நினைப்பு பெற்றோர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

பணமும் ஒரு காரணம். தினக்கூலிக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையின் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி போகிறது. விடியற்காலை ரயிலைப் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகும் தகப்பனுக்கு விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடித்தம். ஆகவே காய்ச்சல் இன்றைக்கே, இப்போதே விட வேண்டும் என்ற அவசரம் வருகிறது. "ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க சார்" என்று அவர்கள் கேட்பதற்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு பேசினால்தான் நாம் சொல்வதை அவர்கள் காதில் வாங்குவார்கள்.

காய்ச்சல் என்றால் என்ன?

98.6 டிகிரி என்ற கணக்கை 1868ஆம் ஆண்டு வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பம் அளந்து எழுதி வைத்தார். ஆனால் ஒரே குழந்தைக்குக் காலையில் 97.5 இருக்கும், மாலையில் விளையாடிவிட்டு வந்தால் 99.5 இருக்கும். இரண்டும் இயல்புதான். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டினால்தான் காய்ச்சல் என்கிறோம்.

கிருமி உள்ளே வந்ததும் உடலின் பாதுகாப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குப் போய்ச் சேருகின்றன. அந்தப் பகுதிதான் உடலின் வெப்பத்தை எந்த அளவில் வைப்பது என்று முடிவு செய்கிறது. இஸ்திரிப் பெட்டியில் பருத்திக்கு ஓர் அளவு, பாலியஸ்டருக்கு ஓர் அளவு என்று திருகி வைக்கிறோமே, அதுபோல ஹைப்போதலாமஸ் 98.6இல் இருந்த அளவை 102க்குத் திருகி வைக்கிறது. உடல் இன்னும் அந்தச் சூட்டுக்கு வரவில்லை என்பதால் குழந்தைக்குக் குளிர்கிறது. நடுங்குகிறது. கை கால் சில்லிட்டு வயிறும் நெற்றியும் மட்டும் சுடுகின்றன. இதைப் பார்த்துத்தான் தாய் பயந்து இரண்டு கம்பளி போட்டு மூடுகிறார். கிருமியோடு சண்டை முடிந்ததும் திருகு பழைய இடத்துக்கு வருகிறது. அப்போது வியர்த்துக் கொட்டுகிறது.

சூடு கூடும்போது பல கிருமிகள் பெருகும் வேகம் குறைகிறது, நம் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன. ஆக, காய்ச்சல் என்பது உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். நோய் வேறு, காய்ச்சல் வேறு. வீட்டில் யாரோ நுழைந்ததைப் பார்த்து நாய் குரைத்தால், நாயின் வாயைக் கட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. வந்தது யார் என்று பார்க்க வேண்டும்.

"காய்ச்சல் தலைக்கேறி மூளை கெட்டுப்போயிடும்" என்பது பெற்றோரின் முதல் பயம். கிருமியால் வரும் காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தன் கட்டுப்பாட்டை விடுவதில்லை. அதனால் சூடு 106 டிகிரியைத் தாண்டுவது மிக அரிது. 102, 103 டிகிரிக் காய்ச்சல் மூளையைக் கெடுக்காது. மூளையைப் பாதிப்பது மூளைக்காய்ச்சல் போன்ற நோய், அதாவது மூளைக்குள்ளேயே போன கிருமி. அதற்கு வேறு அறிகுறிகள் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வெயில் சூடு வேறு

இந்த இடத்தில் திருத்தணிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தமிழகத்தில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் இடம்பெறுகிறது. 110 டிகிரியை இங்கே பலமுறை பார்த்திருக்கிறோம்.

ஏப்ரல் மாதத்தில் மைதானத்தில் ஓடிய பிள்ளை தள்ளாடி விழுகிறான், உடல் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது காய்ச்சல் அல்ல, வெப்பவாதம். இங்கே திருகு ஏறவில்லை, இஸ்திரிப் பெட்டியின் கட்டுப்பாடே பழுதாகிவிட்டது. சூடு 106ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உயிருக்கும் மூளைக்கும் உண்மையான ஆபத்து இதில்தான். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் 108ஐ அழைக்கும் நேரத்தில் மற்றவர் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வலிப்பு

பெற்றோரின் அடுத்த பயம் ஜன்னி, வலிப்பு. இதைப் பார்த்த தாய் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். குழந்தை செத்துவிட்டது என்றே அந்த ஒரு நிமிடம் நினைத்திருப்பார். ஆகவே 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அலட்சியமாகச் சொல்லக் கூடாது.

6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். ஒருமுறை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் அறிவு மங்குவதில்லை, படிப்பு கெடுவதில்லை. "இவன் சின்ன வயசுல ஜன்னி வந்தவன், அதான் கணக்கு வரல" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். அவனுக்குக் கணக்கு வராததற்குக் காரணம் வேறாக இருக்கும். கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி காய்ச்சல் மருந்து ஊற்றினால் வலிப்பைத் தடுக்கலாம் என்றும் நம்புகிறார்கள். அப்படித் தடுக்க முடியாது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் ஒன்றும் இல்லை, சாவி தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. முதல் முறை வந்த வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பயம் செய்யும் கெடுதல்

பயந்தால் என்ன, கூடுதல் கவனமாக இருப்பது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பயத்தின் முதல் விளைவு கூடுதல் மருந்து.

பாராசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பான மருந்து. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வேளைக்கும் வேளைக்கும் நடுவில் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். 16 கிலோ எடையுள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 240 மில்லிகிராம் வேண்டும். முதல் சிரப்பில் அது 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லியை விடச் சற்றுக் குறைவு. போன முறை 10 மில்லி ஊற்றிய ஞாபகத்தில் இந்த முறை புது பாட்டிலில் 10 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடுகிறது. அதையே இரண்டு மணிக்கு ஒரு தரம் ஊற்றினால் கல்லீரல் தாங்காது. வீட்டில் அம்மா ஒரு முறை, அது தெரியாமல் பாட்டி ஒரு முறை என்று ஊற்றுவதும் நடக்கிறது.

அடுத்தது, காய்ச்சலை உடனே இறக்க வேண்டும் என்று வலுவான மருந்தைத் தேடுவது. நிமிசுலைடு என்ற மருந்து காய்ச்சலைச் சட்டென்று இறக்கும் என்று ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு நிறையக் கொடுத்தார்கள். கல்லீரலைப் பாதிக்கும் அபாயத்தால் 2011இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு அதைத் தடை செய்தது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென் போன்றவையும் கூடாது, இரத்தக் கசிவு கூடும்.

மூன்றாவது, தேவையில்லாத மருந்துகள் எல்லாம் சேர்ந்து உள்ளே போவது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு வந்தது சாதாரணச் சளி, இருமல், காய்ச்சல். குடித்த இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருந்தில் நஞ்சு கலந்ததற்குப் பெற்றோர் பொறுப்பல்ல, அதைத் தடுக்க வேண்டியவர்கள் வேறு. ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு இருமல் மருந்தே தேவைப்பட்டிருக்காது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மத்திய அரசின் சுகாதார இயக்ககம் அப்போது அறிவுறுத்தியது.

நான்காவது, தடுப்பூசி மேல் வரும் சந்தேகம். 2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஏற்பாடு, பள்ளிகளிலும் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரை நீங்கள் பார்த்தீர்கள். தடுப்பூசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் வரும் லேசான காய்ச்சல், மேலே சொன்ன அதே திருகு வேலைதான். அதற்குப் பயந்து ஊசியைத் தவிர்த்தால் தட்டம்மைக்கு வழி விடுகிறோம். தட்டம்மைக் காய்ச்சல் நிமோனியாவிலும் கண் பாதிப்பிலும் கொண்டுபோய் விடக்கூடியது.

காய்ச்சல் விட்ட நாள்

பெற்றோர் வெப்பமானியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

டெங்குவில் முதல் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல் அடிக்கும். அந்த நாட்களில் வீடே தூங்காது. பிறகு காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று தகப்பன் வேலைக்குப் போய்விடுவார், தாய் துணி துவைக்க உட்காருவார். பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. பிள்ளைக்குக் கடும் வயிற்று வலி வரும், விடாமல் வாந்தி எடுப்பான், கை கால் சில்லிடும், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வரலாம், சிறுநீர் குறையும். சிலர் துவண்டு படுப்பார்கள், சிலர் காரணமில்லாமல் நச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. அதனால் 'பயந்துவிட்டான்' என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள்.

103 டிகிரி காய்ச்சலில் பயந்து நடுங்கிய அதே தாய், 98 டிகிரியில் நிம்மதி அடைந்துவிடுகிறார். பயம் தவறான நாளில் வந்து, சரியான நாளில் போய்விட்டது. இந்தக் கட்டத்தில் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். 'காய்ச்சல் விட்டு இன்றுதான் வந்தான்' என்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வாந்தி எடுத்தால், மதிய உணவைத் தொடாமல் தூங்கி விழுந்தால், மாலை மணி அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பெற்றோரை உடனே அழையுங்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் அது.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அதைப் பற்றிப் பெற்றோரிடம் வாக்குவாதம் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். அதைக் கொடுத்தாயிற்று என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கு உரிய இன்னொரு காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். வேலூர், சித்தூர், திருத்தணி பக்கங்களில் மழைக்காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை 'ஸ்க்ரப் டைஃபஸ்' காணப்படுகிறது. புதரிலும் புல்லிலும் உள்ள மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற மறைவான இடத்தில் இருப்பதால் பலர் பார்ப்பதில்லை. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் உடல் முழுக்க ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல்வரை போகும்.

எப்போது ஓட வேண்டும்?

பெற்றோருக்குச் சொல்ல எளிமையான பட்டியல் ஒன்று தருகிறேன். வெப்பமானி எந்த எண்ணைக் காட்டினாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் உடனே மருத்துவமனை:

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வரும் எந்தக் காய்ச்சலும். தண்ணீரோ பாலோ குடிக்க முடியாத நிலை. குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது. வலிப்பு. எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம். கழுத்து விறைப்பு. மூச்சு வாங்குவது, விலா எலும்பு உள்ளே இழுப்பது. எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது. உடலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள், இரத்தக் கசிவு. கடும் வயிற்று வலி.

இவை எதுவும் இல்லாமல், காய்ச்சல் கொஞ்சம் இறங்கும் நேரத்தில் பிள்ளை எழுந்து விளையாடுகிறான், சிரிக்கிறான், தண்ணீர் கேட்கிறான் என்றால், 102 டிகிரி இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? மெல்லிய பருத்திச் சட்டை போதும், கம்பளி வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளை சிணுங்கினால், உடல் வலித்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். மருந்தின் நோக்கம் பிள்ளைக்குக் கொஞ்சம் சுகம் தருவது. எண்ணை 98க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்பதில்லை. நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், நடுக்கம்தான் கூடும். பட்டினி போட வேண்டாம். பன்னும் பாலும் மட்டும்தான் என்ற கட்டாயமும் இல்லை. கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசியும் ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. ஊசி போடாமல் அனுப்பும் மருத்துவர் அக்கறை இல்லாதவர் என்று எண்ண வேண்டாம்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

நீங்கள் மருத்துவர் ஆக வேண்டாம். பள்ளியில் மாத்திரை கொடுக்கவும் வேண்டாம். ஆனால் பெற்றோர் நம்பும் மனிதர் நீங்கள். மருத்துவமனையில் நான் ஒரு பிள்ளையை ஐந்து நிமிடம் பார்க்கிறேன். நீங்கள் அவனை நாள் முழுக்கப் பார்க்கிறீர்கள். அவன் வழக்கம்போல் இருக்கிறானா இல்லையா என்று தாய்க்கு அடுத்தபடி சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

தொலைபேசியில் "டீச்சர், பாப்பாவுக்கு ஜொரம்" என்று தாய் சொன்னால், 'எத்தனை டிகிரி' என்று முதலில் கேட்காதீர்கள். தண்ணீர் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போனாளா, எழுந்து உட்கார்ந்து பேசுகிறாளா என்று கேளுங்கள். நான்கு முறை இப்படிக் கேட்டால் அந்தத் தாய் தானாகவே அதைப் பார்க்கப் பழகிவிடுவார். தெலுங்கு பேசும் வீடாக இருந்தால் அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். பயத்தில் இருப்பவருக்குத் தாய்மொழியில் சொன்னால்தான் மனத்தில் பதியும்.

பள்ளியில் பிள்ளைகளின் எடை குறித்து வைத்திருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்த எடையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மருந்துக் கடைக்கும் மருத்துவரிடமும் அந்தச் சீட்டோடு போகட்டும். காலியான இரண்டு வகைச் சிரப்புப் பாட்டில்களைக் கொண்டுவந்து, 120 என்பதும் 250 என்பதும் எங்கே அச்சிட்டிருக்கிறது என்று காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

வருகையைப் பற்றி ஒரு வேண்டுகோள். நூறு சதவீத வருகைக்குக் கைதட்டுகிறோம், பரிசு கொடுக்கிறோம். 'தேர்வு இருக்கிறது, எப்படியாவது அனுப்புங்கள்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் சில பெற்றோர் காலையில் மருந்து ஊற்றி அனுப்புகிறார்கள். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வரட்டும், அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதேபோல் நன்றாக விளையாடும் பிள்ளையைப் பத்து நாள் வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரிடம், 'வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், முடியவில்லை என்றால் உடனே போன் செய்கிறேன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்குறுதிக்காகத்தான் பலர் காத்திருக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வருகைப் பதிவேடு. ஒரே தெருவிலிருந்து, ஒரே காலனியிலிருந்து மூன்று நான்கு பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சல் என்று வரவில்லை என்றால், அது முதலில் தெரியவருவது உங்களுக்குத்தான். எங்களுக்கு அது தெரியப் பல நாள் ஆகும், ஏனென்றால் ஒருவர் தனியார் மருத்துவரிடம் போயிருப்பார், ஒருவர் மருந்துக் கடையில் வாங்கியிருப்பார், ஒருவர் எல்லை தாண்டிப் புத்தூருக்கோ நகரிக்கோ போயிருப்பார். நீங்கள் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஒரு போன் செய்தால், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க, கொசுப்புழுவைத் தேட, இரத்தம் எடுத்துச் சோதிக்க ஆட்கள் வருவார்கள். யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காவேரிராஜபுரத்துத் தாய்மார்கள் பட்ட வேதனையை இன்னொரு ஊர் படக் கூடாது என்றால், அந்த ஒரு போன் சீக்கிரம் வர வேண்டும்.

பெற்றோரின் பயத்தை முழுவதும் போக்கிவிட நம்மால் முடியாது, போக்கவும் தேவையில்லை. பிள்ளை மேல் உள்ள அன்புதான் அப்படி வெளிப்படுகிறது. அந்தப் பயம் எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் விழித்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது நம் வேலை. சொல்லிக் கொடுப்பதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. இந்தக் கேள்விகளை இன்று மாலையே உங்கள் வகுப்புத் தாய்மார்கள் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள்.